சளியா, நிமோனியாவா? மூச்சை எண்ணிப் பாருங்கள்



ஐப்பசி மழை பிடித்தால், தை மாதப் பனி விலகும்வரை நம் கொல்லிமலையில் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகத்தான் செய்யும். "சளிதானே, தானாப் போயிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் அது சரிதான். சளி வைரஸ் கிருமியால் வருவது. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுக்கும்போது தும்மல், இருமல், கை வழியாகப் பரவுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும். ஊசியும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் இதற்கு வேலை செய்யாது.

ஆனால் சில பிள்ளைகளுக்கு நோய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகிவிடும். அதைக் கண்டுகொள்ள உங்கள் கண்ணும், நொடி காட்டும் கடிகாரமும் போதும். செல்போனில் பார்த்தாலும் சரி.

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வெறும் சளி அல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், குடித்ததையெல்லாம் கக்கினாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள். "விடியட்டும், பார்க்கலாம்" என்பது மலைமேல் ஆகாத பேச்சு. செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கு வந்த பிறகும், நாமக்கல்லுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். இரவில் மூடுபனி வேறு.

சாதாரணச் சளிதான் என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு, கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, பால் கொடுக்கும் முன் மூக்கில் இரண்டு சொட்டு விடலாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம்; அதற்கு முன் கூடவே கூடாது. நம் மலை மிளகில் வைத்த கஷாயம் பெரியவர்களுக்குத் தொண்டைக்கு இதம். சிசுவுக்கு வேண்டாம்.

குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் பாட்டி காலத்துப் பழக்கம்தான். ஆனாலும் விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியாவைக் கொண்டுவரும். விறகடுப்புப் புகையும் அப்படியே. சமைக்கும்போது பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள். புகையும் சாமை, கேழ்வரகு அடிக்கும் தூசியும் பட்டதும் சில பிள்ளைகளுக்கு 'கீச் கீச்' என்று இளைப்பு வரும். மருத்துவரிடம் காட்டினால் அதற்குத் தனி மருந்து உண்டு.

கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்க வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த சிரப்பைக் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு வயதுக்குள் எந்த இருமல் சிரப்பும் தேவையில்லை.

பெரியவர்களுக்குத் திடீரென்று கடும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் ஃப்ளூவாக இருக்கலாம். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இரண்டு நாளுக்குள் வந்துவிடுங்கள்; அதற்கான மாத்திரை தொடக்கத்தில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 முதல் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், 14-ஆவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. மழையால் ஏதேனும் தவணை தவறியிருந்தால், கிராம சுகாதார செவிலியர் உங்கள் ஊருக்கு வரும் நாளில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.