நரம்பு மாத்திரை எழுதுமுன்

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம். ஆனால் காலைப் பார்க்காமல் எழுத வேண்டாம். எழுதினால் எப்போது நிறுத்துவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். புதிதாக கிளினிக் போட்ட பலரும் இதையே கேட்பதால் பதிலைப் பொதுவில் வைக்கிறேன்.

அந்தப் பொருளை நான் மட்டமாக நினைக்கவில்லை. 1951-ல் லெஸ்டர் ரீடும் அவரது கூட்டாளிகளும் ஏறத்தாழ 10 டன் ஈரல் கழிவை அலசி முதன்முதலில் பிரித்தெடுத்தது 30 மில்லிகிராம்தான். சர்க்கரை ஏறிக் கிடக்கும் உடம்பில் மைட்டோகாண்ட்ரியா கக்கும் சூப்பர் ஆக்ஸைடு, நரம்பையும் அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண் நாளங்களையும் சேர்த்தே கெடுக்கிறது. அதை அடக்கினால் எரிச்சல் அடங்கும் என்பது கணக்கு. கணக்கு ஓரளவு பலித்தது. ஜெர்மனியில் டான் சீக்லர் குழுவினர் 1995-ல் வெளியிட்ட அலாடின் ஆய்வில், 328 பேருக்கு மூன்று வாரம் டிரிப்பாக ஏற்றியதில் 600 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு எரிச்சலும் குத்தலும் குறைந்தன. 2006-ல் சிட்னி-2 ஆய்வு (நடந்தது ரஷ்யாவிலும் இஸ்ரேலிலும், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்) மாத்திரையாக ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தது. 600 போதுமானதாக இருந்தது. அளவைக் கூட்டக் கூட்டக் குமட்டல்தான் கூடியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 460 பேரை நான்கு ஆண்டு தொடர்ந்த நாதன்-1 ஆய்வு 2011-ல் வந்தது. எதை முதன்மையாக அளக்கக் கிளம்பினார்களோ, அதில் வெறும் மாத்திரைக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2024-ல் வந்த காக்ரேன் அலசலும் ஆறு மாதக் கணக்கில் தொந்தரவு பெரிதாகக் குறையவில்லை என்றே சொல்கிறது. சில வாரத்து ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் எழுதித் தள்ளுகிறோம். என் வழக்கம்: வெறும் வயிற்றில் 600, மூன்று மாதம். வலிக்கு பத்துக்கு எத்தனை என்று முதல் நாளே கேட்டுச் சீட்டில் குறித்துவிடுவேன். மூன்று மாதத்தில் அந்த எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுவேன்.

நோயாளியின் கேரிபேக்கை மேசைமேல் கொட்டச் சொல்லி, அட்டைகளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'நரம்புச் சத்து' என்று அவர் நம்பி விழுங்குவதில் ஆல்ஃபா லிப்போயிக் பல நேரம் 100 மில்லிகிராம்தான் இருக்கும். கூடவே மெத்தில்கோபாலமின், ஃபோலிக் அமிலம், பி6. சில அட்டைகளில் மருந்து உரிமத்துக்குப் பதில் உணவு உரிம எண் இருக்கும். இன்னொன்றில் பிரிகாபாலின் சேர்ந்திருக்கும். தலைசுற்றி விழுந்த பெரியவருக்கு அது சத்து மாத்திரை இல்லை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பி6-ஐயும் சாதாரணமாக எடுக்காதீர்கள். நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை விழுங்கிய ஏழு பேருக்கு அதனாலேயே நரம்பு கெட்டதை 1983-லேயே எழுதிவிட்டார்கள். நம் மாத்திரைகளில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் மூன்று டாக்டர் எழுதிய மூன்று அட்டையிலும் அது இருந்தால் கூட்டிப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். இந்த அட்டைகளை எழுதச் சொல்லி வரும் ரெப் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு டார்கெட் இருக்கிறது, நமக்கு இல்லை.

இனி கால். "பஞ்சுல நடக்கற மாதிரி இருக்கு", "செருப்பு கழண்டதே தெரியல" என்று சொல்கிறவரை உட்கார்ந்தபடியே அனுப்பிவிடாதீர்கள். படுக்கவைத்து சாக்ஸைக் கழற்றுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்டை முதலில் அவர் கையில் தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்லி, காய்ப்பு இல்லாத இடமாகப் பார்த்துப் பாதத்தில் இழை வளையும்வரை அழுத்துங்கள். "தொடுறேனா?" என்று கேட்காதீர்கள், தொடாதபோதும் 'ஆமாம்' என்பார்கள். கட்டைவிரல் எலும்பில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வையுங்கள். விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள், செருப்புக்குள் கைவிட்டுத் தடவுங்கள். உணர்ச்சி போயிருந்தால் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு எழுதுங்கள். எந்த ஆன்டிஆக்ஸிடன்டைவிடவும் அது காலைக் காப்பாற்றும்.

பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பி12 அளவு பார்க்காமல் இருக்காதீர்கள். அது குறைந்திருந்தால் மெத்தில்கோபாலமின் உபரிச் சத்து இல்லை, அதுதான் வைத்தியம். தூக்கத்தைக் கெடுக்கும் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின், பிரிகாபாலின் இருக்கின்றன. 2022-ல் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வில் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. வயதையும் இதயத்தையும் புராஸ்டேட்டையும் பார்த்து எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ஒன்று. கீமோவால் கைகால் மரத்துப்போனவர்களும் உங்களிடம் வருவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸேன் ஏற்றிக்கொண்ட 409 பெண்களை வைத்து, அசிட்டைல்-எல்-கார்னிடின் நரம்பைக் காக்குமா என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: 24 வாரத்தில், அதை விழுங்கியவர்களுக்கே நரம்புத் தொந்தரவு அதிகம். ஆகவே கீமோவில் இருப்பவருக்கு எந்தச் சத்து மாத்திரையானாலும், அவருடைய புற்றுநோய் மருத்துவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்காமல் எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக மருத்துவன்