வீடு கைமாறிய பின்னர்: இலண்டன் அனுபவம்

அரசாங்க வாடகை வீடுகளில் வாழும் ஏழைகளை வீட்டுச் சொந்தக்காரர்களாக்க விரும்பும் நாம், பிரித்தானியாவின் அனுபவத்தைக் கற்பது அவசியம். அங்கு 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், உள்ளூராட்சி சபை வீடுகளில் மூன்று வருடங்கள் குடியிருந்தோருக்கு அவ்வீட்டைக் கழிவு விலையில் வாங்கும் உரிமையை வழங்கியது. கழிவு 33 வீதத்தில் தொடங்கி, குடியிருந்த காலத்துக்கேற்ப 50 வீதம் வரை உயர்ந்தது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 இலட்சம் வீடுகள் இவ்வாறு விற்கப்பட்டுள்ளன.

இதன் நன்மையை நாம் மறைக்கவேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் வாடகை கட்டிய தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சொத்தை விட்டுச்செல்ல முடிந்தது.

சிக்கல் தொடர்மாடிகளில் எழுந்தது. மாடிவீட்டை வாங்கியவருக்குக் கிடைத்தது நீண்டகாலக் குத்தகையே. பெரும்பாலும் 125 வருடங்கள். கட்டடமும் நிலமும் சபையிடமே இருந்தன. கூரையை மாற்றினாலும் மின்தூக்கியைப் புதுப்பித்தாலும் செலவில் ஒரு பங்கை வாங்கியவரே செலுத்தவேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கும் பல்லாயிரம் பவுண் கோரும் பற்றுச்சீட்டுகள் வந்தன. வாங்கும் நாளில் மாதத் தவணையைக் கணக்கிட்டுக் கொடுத்தவர்கள் பலர். இச்செலவை விளக்கியவர்கள் எத்தனை பேரோ!

இதற்கிடையில் அயலும் மாறியது. துறைமுகத் தொழில் மறைந்த கிழக்கு இலண்டனில் வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. வீட்டு விலை ஏறியது. ஐந்து வருடங்களுக்குள் விற்றால் கழிவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவேண்டும் என 1980ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன்பின் தடையில்லை. வாங்கியவர் விற்றுச் சென்றார். அடுத்து வந்தவர் பல இடங்களில் அதே வீட்டைக் கூடிய வாடகைக்கு விட்டார். சபைகள் புதிதாகக் கட்டவும் வழி குறுகியது. 1990 முதல் விற்பனைப் பணத்தின் 75 வீதத்தைக் கடன் தீர்க்க ஒதுக்குமாறு பணிக்கப்பட்டதே காரணம். ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்வுரிமையை நீக்கின.

முதற் குடும்பத்துக்குக் கொடுத்த உதவி அடுத்த ஏழைக் குடும்பத்துக்கும் எட்ட வழியுண்டா? கிழக்கு இலண்டன் மைல் எண்டில், பழைய மருத்துவமனைக் காணியில் எழுந்த 252 வீடுகளுள் 23 வீடுகளை மக்கள் காணிப் பொறுப்பமைப்பு ஒன்று ஏற்றது. 2017இல் குடும்பங்கள் குடியேறின. அப்பகுதி மக்களின் நடுத்தர வருமானத்தைக் கொண்டே விலை தீர்மானிக்கப்பட்டது. மீண்டும் விற்கும்போதும் அதே கணக்குத்தான். விற்பவருக்குப் பெரிய இலாபமில்லை. அதனை விரும்பாத குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறைகூற முடியாது. எனினும் பொதுப் பணத்தால் கழிவு கொடுக்கும் இடத்தில் நாம் இம்முறையையே ஆதரிப்போம்.

குடும்பங்களோடு உட்காரும்போது மூன்றைக் கேட்டுப் பார்ப்போம்: கூரை பழுதானால் யார் கட்டுவது? அதற்கென மாதந்தோறும் எவ்வளவு சேமிக்கலாம்? நாளை விற்க நேர்ந்தால், இதே அயலில் வேறு வீடு வாங்க அப்பணம் போதுமா?