விதையைக் கடித்துப் பார்

கூடலூரில் திராட்சைப் பந்தலுக்கடியில் வளர்ந்து, நாசிக் பக்கத்து ஒயின் ஆலைகளில் 22 வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். குமுளியிலிருந்தும் கட்டப்பனையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் இந்த வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள், "நாக்கை உறுத்தாத ஷிராஸ் எப்படி வருது பெரியப்பா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

1. நம் பன்னீர் திராட்சையை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர், மஸ்கட் ஹாம்பர்க் ரகம். பழமாகத் தின்ன அதற்கு ஈடில்லை. ஷிராஸ் பிரான்சின் ரோன் ஆற்றங்கரை ஒயின் ரகம்.

2. நிறத்தை நம்பாதே. அக்டோபரில் கவாத்து செய்த கொடியில் பிப்ரவரி வெயிலுக்குச் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும். விதை பின்தங்கி நிற்கும். பழத்தை வாயில் போட்டுச் சதையை விழுங்கு, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார். பச்சை ஓடினால் பொறு. முழுக்கப் பழுப்பாகி, கடித்தால் வறுத்த கடலை மாதிரி மொறுக்கென்று உடைந்தால் அறுக்கலாம். ஒரு வருடம் மழைக்குப் பயந்து ஒரு வாரம் முந்தி அறுக்கச் சொன்னேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தபோதும் அந்த ஒயின் பச்சைப்பாக்கு மென்றதுபோல வாயை இழுத்தது. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

3. தொட்டியில் தோல் மேலே மிதந்து வரும். மெல்ல அழுத்தி நனை. விதை நசுங்கக் கூடாது. தானாக வடிந்த ஒயின் தனி, பிழிந்தது தனி. ருசி பார்த்த பிறகே சேர்ப்பதா என்று முடிவு செய்.

4. சித்தூர்ப் பிள்ளைகளுக்குக் கள் தெரியும். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். இங்கே அந்த அவசரம் ஆகாது. சர்க்கரை தீர்ந்த பிறகும் இன்னொரு நொதிப்பு வாரக்கணக்கில் நடக்கும். மாங்காய் கடித்தாற்போன்ற புளிப்பு, தயிர்ப் புளிப்பாக இறங்கும். மென்மையில் பாதி அங்கேதான் வருகிறது.

5. கட்டப்பனைப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. நல்ல ஷிராஸில் பழ வாசத்துக்கு அடியில் மிளகு வரும். அது வெறும் உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் அந்த வாசம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் வீட்டுக் கொடியின் மிளகிலும் இருப்பது அதே பொருள்தான். குளிர்ந்த இடத்துக் கொடியில் அது கூடும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை. உனக்கு மணக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேள், வெட்கப்படாதே. புது ஓக் பீப்பாயில் அதிக நாள் வைத்தால் மர வாசம் இந்த மிளகு வாசத்தை மூடிவிடும். பழைய பீப்பாய் போதும்.

6. ருசி பார்க்கும்போது 18 டிகிரிக்கு மேல் போகவிடாதே. சூடேறினால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும்.

7. நொதிக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டாதே. கரியமில வாயு அடியில் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். உள்ளே விழுந்தவனைத் தூக்கக் குதித்தவனும் சாவான். காற்றோட்டம் கொடுத்து, கருவியால் அளந்து, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்திய பிறகே இறங்கு. மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இறங்காதே.