சூடானால் மாறும் பீங்கான்

பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டை இருக்கிறது. சிறு பட்டறைகள் நிறைந்த இடம். இரும்புச் சாமான்களை மின்சார உலையில் சூடாக்கிப் பதப்படுத்தும் பட்டறைகளும் அங்கே உண்டு.

அப்படி ஒரு பட்டறையில் தம்பி ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். உலை செக்கச் செவேலென்று இருந்தது. தம்பி இரும்புக் கம்பியை உள்ளே விடப் போனான். மூத்த தொழிலாளி ஓடி வந்து தடுத்தார்.

"தம்பி, கரண்டை நிறுத்தினாயா?"

"எதற்கு அண்ணே? நான் சுருளைத் தொட மாட்டேன். சுற்றிலும் பீங்கானும் செங்கல்லும்தானே! பீங்கானில் கரண்ட் பாயாதே!"

"ஆறிய பீங்கானில் பாயாது. சூடான பீங்கான் வேறு. இதைக் கேள்."

அண்ணன் சொன்னார்:

"1897-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் ஒரு விளக்கு செய்தார். அதில் ஒளி தந்தது ஒரு சிறிய பீங்கான் குச்சி. குச்சி ஆறியிருந்தால் மின்சாரம் பாயாது. விளக்கு எரியாது. அதனால் குச்சியின் பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் சுருள் சூடானது. அந்தச் சூடு குச்சிக்கு ஏறியது. சிறிது நேரத்தில் குச்சியிலும் மின்சாரம் பாய்ந்தது. குச்சி பளிச்சென்று ஒளி வீசியது. உடனே சுருளுக்குப் போன மின்சாரம் தானாக நின்றது. அதன்பின் குச்சி தன் சூட்டிலேயே எரிந்தது."

"அது எப்படி அண்ணே?"

"குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கிறது. வெயிலில் வைத்தால் ஓடுகிறது. பீங்கானுக்குள் மின்சாரத்தைச் சுமக்கும் நுண்ணிய துகள்கள் உண்டு. ஆறியிருந்தால் அவை நகராது. நன்றாகச் சூடேறினால் நகரும். பீங்கான் உருகுவதில்லை. துகள்கள்தான் நகர்கின்றன.

சூடு ஏற ஏற மின்சாரம் கூடும். மின்சாரம் கூடக் கூடச் சூடு ஏறும். விட்டால் குச்சி கெட்டுவிடும். அதைக் கட்டுப்படுத்த விளக்கில் ஓர் இரும்புக் கம்பியும் வைத்தார்கள்."

அந்த விளக்கு இன்று வழக்கில் இல்லை. ஆனால் உலைப் புகையில் ஆக்சிஜனை அளக்கும் கருவியில் சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. அதையும் சூடாக்கித்தான் வேலை வாங்குகிறார்கள்.

உலைச் செங்கல்லும் சிவக்கச் சூடானால் மின்சாரத்தைக் கசிய விடலாம். தம்பி முதலில் சுவிட்சை நிறுத்தினான். பிறகுதான் கம்பியை எடுத்தான்.

நினைவில் கொள்வோம்:
உலைக்குள் கம்பி விடும் முன் மின்சாரத்தை நிறுத்துவோம்.
உலைக்கு எர்த் கம்பி இருக்கிறதா என்று பார்ப்போம்.
ஈரக் கையுறை போட மாட்டோம்.

பதில் சொல்லுங்கள்:
1. விளக்கில் கம்பிச் சுருளை எதற்காக வைத்தார்கள்?
2. தம்பி நினைத்ததில் என்ன தவறு?