செல்போன் சிட்டையும் கம்ப்யூட்டர் பேரேடும்



நம் பெரியவர்கள் கடை நடத்திய முறையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். காலையில் கடை திறந்தது முதல் கொடுத்தது, வாங்கியது எல்லாவற்றையும் சிட்டையில் கிறுக்கி வைப்பார்கள். இரவு கடை சாத்திய பிறகு, விளக்கடியில் உட்கார்ந்து, சிட்டையில் உள்ளதை ஆள் வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். சிட்டை எண்ணெய் பட்டாலும், எலி கடித்தாலும், பேரேடு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். "எழுதாத கணக்கு அழுதாலும் தீராது" என்பது பழமொழி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுதி வைத்த கணக்கும் அப்படித்தான் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்து கொண்டேன்.

இன்று நம் சிட்டை செல்போனில் இருக்கிறது. விருத்தாசலம் மொத்த வியாபாரி, சிதம்பரம் லாரி புக்கிங், பண்ருட்டி முந்திரிக்காரர், இறையூர் டீக்கடை, தொளார் மெஸ் என எல்லாருடைய எண்ணும் அதில்தான். யாருக்கு எந்தத் தேதியில் செக், யார் எந்த நாளில் பாக்கி தருவதாகச் சொன்னார் என்பதும் அதிலுள்ள காலண்டரில்தான். ஆனால் பேரேடு எங்கே?

எனக்கு நேர்ந்தது

ஒரு மழைக்காலத்தில் வேனிலிருந்து சர்க்கரை மூட்டை இறக்கும்போது குனிந்தேன். சட்டைப் பையில் இருந்த செல்போன் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. பிறகு அது உயிர் பெறவே இல்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட எண்கள் அதோடு போயின. கடன் நோட்டில் பெயர்களும் தொகையும் இருந்தன, எண்கள் இல்லை. உள்ளூர்க்காரர்கள் கடைக்கு வந்து போவார்கள், பரவாயில்லை. வெளியூர்ப் பாக்கிக்கு யாரைக் கூப்பிடுவது?

அதைவிடப் பெரிய அடி காலண்டரில் விழுந்தது. சரக்கு கொடுத்த ஒருவருக்குத் தேதியிட்டுக் கொடுத்திருந்த செக்கின் நாள் அதில்தான் குறிக்கப்பட்டிருந்தது. நினைவூட்டும் மணி அடிக்கவில்லை, பேங்கில் பணம் கட்ட மறந்தேன், செக் திரும்பியது. அபராதம் போனது போகட்டும். பல வருடம் கடனுக்குச் சரக்கு கொடுத்த அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த முறை, "ரொக்கமாகக் கொடுத்து விடுங்கள் அண்ணாச்சி" என்றார். செல்போன் வேறு வாங்கி விடலாம். அந்த நாணயத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இண்டர்நெட்டில் தானாகச் சேராதா?

சேரும். பெரிய கம்பெனிகளின் கணக்கில் நம் எண்களும் தேதிகளும் தானாகவே ஏறிவிடும் வசதி உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பிரதியை மட்டும் நம்பி இருப்பது, பேரேட்டை வேறு ஊர்க் கிடங்கில் வைத்து, சாவியைச் செல்போனிலேயே கட்டி விடுவதற்குச் சமம். காரணங்கள் மூன்று.

முதலாவது, கடவுச்சொல் மறந்தால் புதிய ரகசிய எண் பெரும்பாலும் நம் பழைய செல்போன் எண்ணுக்குத்தான் வரும். சிம்மும் சேர்ந்து தொலைந்திருந்தால், மாற்று சிம் வரும்வரை கதவு திறக்காமல் போகலாம். இரண்டாவது, பயன்படுத்தாத கணக்கை அவர்கள் மூடலாம். இரண்டு வருடம் எந்த உபயோகமும் இல்லாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. மூன்றாவது, நம் மாவட்டத்தின் வானிலை. 30.12.2011 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, மின்சாரமும் தொலைபேசியும் பல நாட்கள் இல்லாமல் தவித்தோம். 2015 வெள்ளத்தையும், 30.11.2024 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் கடலூர் மாவட்டம் மறக்காது. சரக்கும் ஆளும் அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் இண்டர்நெட் இருக்காது.

செல்போனையும் கம்ப்யூட்டரையும் நேரடியாகப் பேச வைப்பது புதிய வித்தையும் அல்ல. 1996-ல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை ஒரு தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அதிலுள்ள முகவரிகளும் தேதிகளும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். இந்த விவரங்களை எழுதி வைக்கும் பொதுவான முறைகளான வி-கார்டு 3.0, ஐ-காலண்டர் இரண்டும் 1998-ல் சர்வதேசத் தரமாக வெளியிடப்பட்டன. இன்றும் பெரும்பாலான செல்போன்கள் இந்த இரண்டையும் படிக்கும். பெயர்ப் பட்டியல் பைலின் வால் வி.சி.எஃப், காலண்டர் பைலின் வால் ஐ.சி.எஸ். இந்த இரண்டு வால்களை நினைவில் வைத்தால் போதும், பாதி பாடம் முடிந்தது.

பாடம் 1: எண்கள் எங்கே இருக்கின்றன?

ஒரே செல்போனில் எண்கள் மூன்று இடங்களில் இருக்கலாம். சிம் கார்டில், செல்போன் நினைவகத்தில், இண்டர்நெட் கணக்கில். சிம்மில் சுமார் 250 எண்கள் வரைதான் கொள்ளும். பெயரும் சுருக்கமாகத்தான் நிற்கும். காண்டாக்ட்ஸ் பகுதியைத் திறந்து, ஒரு பெயரைத் தொட்டுப் பார்த்தால் எங்கே சேமிக்கப்பட்டுள்ளது என்று காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இனி எனக்கு இண்டர்நெட் கணக்கு வேண்டாம்" என்று அவசரப்பட்டு அந்தக் கணக்கைச் செல்போனிலிருந்து நீக்கினால், அதில் சேமித்த எண்களும் செல்போனிலிருந்து மறைந்துவிடும். எனவே, எதைச் செய்வதற்கும் முன்பு அடுத்த பாடத்தை முடித்துவிடுங்கள்.

பாடம் 2: கேபிள் போட்டு நகல் எடுத்தல்

பத்து நிமிட வேலை. ஆண்ட்ராய்டு செல்போன் என்றால், காண்டாக்ட்ஸ் பகுதியில் 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் சற்று மாறும். அதைத் தொட்டால் எல்லா எண்களும் ஒரே வி.சி.எஃப் பைலாகச் சேரும். பிறகு செல்போனைக் கேபிளால் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். செல்போன் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். மேலிருந்து வரும் அறிவிப்பைத் தொட்டு 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவான சில கேபிள்களில் சார்ஜ் ஏறும், தகவல் போகாது.

பைலைக் கம்ப்யூட்டரில் தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். பழைய பைலின் மேல் புதியதை எழுத வேண்டாம். கடைசி நான்கு வாரப் பைல்கள் எப்போதும் இருக்கட்டும்.

இந்தப் பைலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருள் போதுமானது. முகவரிப் புத்தகமும் காலண்டரும் அதில் உண்டு. பட்டியலை அட்டவணையாக எக்ஸெலில் பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்கவும். தமிழில் சேமித்த பெயர்கள் புரியாத குறியீடுகளாகத் தெரிந்தால் பைல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். திறக்கும்போது எழுத்து வகையை 'யு.டி.எஃப்-8' என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் தெளிவாக வரும். குறியீடாகத் தெரியும் நிலையில் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

பாடம் 3: காலண்டர்

எண்களைப் போல் காலண்டர் அவ்வளவு எளிதாக வெளியே வராது. கூகுள் காலண்டரைச் செல்போனிலிருந்து பைலாக எடுக்க வழியில்லை. கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைத் திறந்து, செட்டிங்ஸ் பகுதியில் ஒருமுறை 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும். ஐ.சி.எஸ் பைல் கிடைக்கும். அதன் பிறகு ஃபாஸிஃபை காலண்டர் போன்ற, செல்போனுக்குள்ளேயே எழுதி வைக்கும் இலவசக் காலண்டரில் அந்தப் பைலை ஏற்றிக் கொண்டால், அடுத்த வாரத்திலிருந்து நகல் எடுப்பது செல்போனிலேயே முடிந்துவிடும்.

காலண்டரில் எதைக் குறிப்பது? செக் தேதிகள், பாக்கி தருவதாகச் சொன்ன நாட்கள், தராசுக்கு மறுமுத்திரை இடும் நாள், உரிமங்கள் முடியும் நாள் ஆகியவை. ஜி.எஸ்.டி. தேதிகளை 'மாதந்தோறும்' என்று ஒருமுறை பதிந்தால் போதும். மாதக் கணக்கு தருபவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி. இணக்க முறையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு காலாண்டும் முடிந்த அடுத்த மாதம் 18-ஆம் தேதி. 3பி ஒரு நாள் தாமதமானால் ரூ.50, வியாபாரமே இல்லாத மாதம் என்றால் ரூ.20 வீதம் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பதை நாம் அறிவோம். மணி அடிப்பது கடைசி நாளில் வேண்டாம். மூன்று நாள் முன்னதாக வையுங்கள்.

பாடம் 4: இரண்டு பக்கமும் தானாகச் சேர்வது

இதுவரை பார்த்தது நகல். கம்ப்யூட்டரில் திருத்தியது செல்போனிலும், செல்போனில் சேர்த்தது கம்ப்யூட்டரிலும் தானாக ஏற வேண்டும் என்றால் அது ஒத்திசைவு. இதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, விண்டோஸ் கம்ப்யூட்டரும் ஆண்ட்ராய்டு செல்போனும் வைத்திருப்பவர்களுக்கு மைபோன் எக்ஸ்புளோரர் என்ற இலவச மென்பொருள். கேபிள், வை-பை, புளூடூத் மூன்றிலும் இணையும். எண்களையும் காலண்டரையும் தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்றவற்றுடன் சேர்த்து வைக்கும்.

இரண்டு, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கடைக்குள்ளேயே ஒரு சிறு பேரேட்டு நிலையம் வைக்கலாம். ரேடிக்கேல் என்ற இலவச மென்பொருளைக் கடைக் கம்ப்யூட்டரில் நிறுவினால், அதுவே எண்களுக்கும் காலண்டருக்கும் கிடங்காகிவிடும். செல்போனில் டேவ் எக்ஸ் 5 என்ற செயலி, கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட். செல்போன் கடையின் வை-பையில் சேர்ந்தவுடன் இரண்டும் ஒன்றாகிவிடும். இண்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஐ-போனுக்குத் தனிச் செயலி தேவையில்லை. செட்டிங்ஸிலேயே இவ்வகைக் கணக்கைச் சேர்க்கலாம். எந்தச் செல்போனாக இருந்தாலும், நிறுவும்போது கடவுச்சொல் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். கடை வை-பையின் கடவுச்சொல்லை வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுக்கவும் வேண்டாம். வாடிக்கையாளர் நம்மை நம்பித் தந்த எண்கள் அவை.

பாடம் 5: ஒத்திசைவில் உள்ள பள்ளங்கள்

மிக முக்கியமான பாடம் இதுதான். ஒத்திசைவு வேறு, நகல் வேறு. செல்போனில் ஒரு பெயரைத் தவறுதலாக அழித்தால், ஒத்திசைவு அதைக் கம்ப்யூட்டரிலும் நியாயமாக அழித்துவிடும். சிட்டையில் அடித்ததைப் பேரேட்டிலும் அடித்துவிடும் கணக்குப்பிள்ளை போல, அது கேள்வி கேட்காது. எனவே ஒத்திசைவு வைத்திருப்பவர்களும் வாரம் ஒரு நகல் எடுக்கத்தான் வேண்டும்.

முதல் முறை சேர்க்கும்போது, இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் எது மேலோங்கும் என்று மென்பொருள் கேட்கும். சரியான பட்டியல் எதில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்றிச் சொன்னால் காலியான பட்டியல் நிறைந்த பட்டியலைத் துடைத்துவிடும்.

ஒரே பைலைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் ஒரே பெயர் இரண்டு, மூன்றாகப் பெருகும். நம் பகுதியில் முருகனும் கணேசனும் எத்தனை பேர்! "முருகன்" என்று மட்டும் சேமித்தால் எந்த முருகனை அழிப்பது என்று தெரியாது. ஊர், பெயர், தொழில் என்ற வரிசையில், "முருகன்குடி, முருகன், டீக்கடை" என்று சேமியுங்கள். இனிப் பெருகினாலும் இனம் காணலாம். கம்ப்யூட்டரில் ஊர் வாரியாக அடுக்கி, வசூலுக்குப் போகும்போது பட்டியலாக அச்சிட்டும் கொள்ளலாம்.

கடைசியாக, கம்ப்யூட்டரும் கடையில்தான் இருக்கிறது. கடைக்குள் தண்ணீர் வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒரு பென்டிரைவில் நகலை வீட்டில், உயரமான அலமாரியில் வையுங்கள்.

வாராந்தரப் பயிற்சி

1. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். கடை சாத்தியபின் பத்து நிமிடம் ஒதுக்கி, வி.சி.எஃப், ஐ.சி.எஸ் பைல்கள் இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்.

2. மாதம் ஒருமுறை அதைப் பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் கிடக்கும் பழைய செல்போன் ஒன்றில் பைலை ஏற்றி, எண்ணிக்கை சரிதானா, தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத கல்லாப் பணம் போன்றது.

4. மிகத் தேவையான இருபது எண்களைக் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். மின்சாரமே இல்லாத நாளிலும் அது படிக்கக் கிடைக்கும்.

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவுதோறும் இதைச் செய்கிறேன். என் தகப்பனார் பேரேடு எழுத உட்கார்ந்த அதே மேஜைதான். சரக்கு கொடுத்த அந்த மனிதர் மறுபடி கடனுக்குக் கொடுக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. உங்களுக்கு அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும். இந்த இதழைக் கீழே வைத்தவுடன் செல்போனைக் கையில் எடுத்து, முதல் வி.சி.எஃப் பைலை இன்றே எடுத்துவிடுங்கள்.