கதிர்வீச்சு சில நிமிடம், தேடல் பல பருவம்

மரபியல், பயிர் இனப்பெருக்கம் எடுத்து முதுநிலைக்கு வந்துவிட்டீர்கள். "நெல்லில் சடுதிமாற்றம் பண்ணுங்க" என்கிறார் வழிகாட்டி. விதைப்பையோடு காமா அறைக்கு ஓடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பண்பு வேண்டும்? ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே அதை எப்படிச் சலித்தெடுப்பீர்கள்? இந்தத் துறையில் பெயர் வாங்கியவர்கள் சலிப்பதில் கெட்டிக்காரர்கள்.

சலிக்கும் வழி

சத்தீஸ்கரின் துப்ராஜ் வாசனை நெல், ஆள் உயரம் வளர்ந்து சாயும், விளையவும் நாளாகும். பாபா அணு ஆராய்ச்சி மையமும் ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் கதிர்வீச்சு மூலம் அதைக் குட்டையாகவும் குறுகிய வயதினதாகவும் மாற்றின. உயரமும் பூக்கும் நாளும் கண்ணுக்கே தெரியும். இப்படிப்பட்ட பண்புக்குக் கண்ணும் அளவுகோலும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத பண்பென்றால்? வறட்சி தாங்கும் நாகினா 22 ரகத்தை இ.எம்.எஸ். ரசாயனத்தில் ஊறவைத்து, வந்த தலைமுறையின் மீது இமாசெத்தாபைர் களைக்கொல்லியைத் தெளித்துச் சலித்தார்கள். தாக்குப்பிடித்து நின்றதுதான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘ராபின்’. ஒரே மரபணுவில் ஓரெழுத்து மாற்றம். அதைக் கலப்பின் மூலம் பாசுமதிக்குள் கொண்டுபோய், 2021-இல் பூசா பாசுமதி 1979, 1985 ரகங்களை வெளியிட்டது டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்.

அளவு

காமா கதிர் டி.என்.ஏ. இழையை முறிக்கும்; துண்டுகள் விடுபட்டுப்போகும். இ.எம்.எஸ். பெரும்பாலும் ஓரெழுத்தை மாற்றும். ஒரு மரபணுவை முடக்க முதலாவது உதவும். அதன் வேலையைச் சற்றே திருத்த இரண்டாவது ஏற்றது.

நெல் விதைக்கு வழக்கமாக 150 முதல் 300 கிரே வரை காமா கொடுக்கிறார்கள். உங்கள் ரகத்துக்கு எவ்வளவு என்பதை முன்சோதனையில் பாருங்கள்: நாற்றில் பாதி சாகும் அளவைக் கண்டு, அதையொட்டி வைத்துக்கொள்ளுங்கள். விதை ஈரம் 12–14 சதவீதத்தில் ஒரே சீராக இருக்கட்டும். காமா அறையின் கதிர்மூலமான கோபால்ட்-60 ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் வலுவிழக்கும். போன வருடம் சீனியர் வைத்த நிமிடக் கணக்கை நகலெடுக்காதீர்கள்.

பாதுகாப்பு

காமா அறையைக் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் மேற்பார்வையில் மட்டும் இயக்க வேண்டும், உடலில் படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மார்பில் இருக்கட்டும். காமா பட்ட விதை கதிரியக்கம் உடையதாக மாறாது, தைரியமாகக் கையாளலாம். பயப்பட வேண்டியது இ.எம்.எஸ்ஸுக்கு. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. புகைபோக்கி அறை, நைட்ரைல் கையுறை, மிச்சத்தை முறிக்கச் சோடியம் தயோசல்பேட் மூன்றும் தயாராகாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஊறிய விதையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவிய பிறகே விதையுங்கள்.

வயலில்

முதல் தலைமுறையான எம்1-இல் குட்டையும் மலடும் தெரியும். பெரும்பாலும் அவை அடிபட்டதன் விளைவு. அங்கே தேர்வு செய்ய அவசரப்படாதீர்கள். செடிக்குச் செடி முதன்மைத் தூரின் கதிரைத் தனித்தனியாக அறுத்து, உறையில் எண் போடுங்கள். பெரும்பாலான மாற்றங்கள் ஒடுங்கு பண்புகள்; எம்2-இல்தான் நாலில் ஒன்றாக வெளிப்படும். மாறிய செல்லிலிருந்து வந்த மணிகளில் பத்தை நட்டால், ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 94 சதவீதம். ஆனால் ஒரு கதிரின் எல்லா மணியிலும் மாற்றம் இருக்காது. ஆகவே 20, 30 நடுங்கள். எம்2-இல் கண்டது எம்3-இலும் வந்தால்தான் நம்பலாம். பிறகு பல இடச் சோதனைகள். ரகமாக வெளிவரச் சில ஆண்டுகள் ஆகும்.

வேலை எங்கே?

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், கட்டாக், ஐதராபாத் நெல் நிறுவனங்கள், மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், தனியார் விதை நிறுவனங்கள். மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களில் விஞ்ஞானியாக ஏ.ஆர்.எஸ். தேர்வு, உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட். இரண்டு கூடுதல் திறன்களை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்: மரபணு வரிசைத் தரவைப் படிப்பது, ஆயிரம் வரிசை வயலைப் பிழையின்றிப் பதிவுசெய்வது.

நேர்காணலில் "இ.எம்.எஸ். பயன்படுத்தினேன்" என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். எத்தனை எம்2 செடி பார்த்தீர்கள், எதைக் கொண்டு சலித்தீர்கள், எத்தனை தேறின, எம்3-இல் எத்தனை நிலைத்தன என்று நான்கு விவரங்களைச் சொல்லுங்கள். வேலையறிந்த தேர்வாளருக்கு அது போதும்.