மின்னஞ்சல் செய்நிரல் உறைந்து போதல்: காரணங்களும் தீர்க்கும் முறைகளும்

க.பொ.த. (சாதாரண தரம்): தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,

- ஒரு செய்நிரல் "உறைந்து விட்டது" என்பதன் பொருளை விளக்குவீர்கள்.
- மின்னஞ்சல் செய்நிரல் உறைவதற்கான காரணங்களை இனங்காண்பீர்கள்.
- தரவு இழப்பின்றி வழுவைத் தீர்க்கும் ஒழுங்கைக் கூறுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, வழு நீக்கல் என்ற தலைப்பில் வரும் வினாக்களுக்குப் பலர் ஒரே விடையை எழுதுகிறார்கள்: "கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குதல்." அது பிழையான விடையன்று. ஆயினும் அதை முதலாவது படியாக எழுதினால் புள்ளி குறையும். வீட்டில் அதை முதலாவது படியாகச் செய்தால் புள்ளியை விடப் பெரிய இழப்பு நேரும். நான் பத்தாந் தரத்திற் படித்தபோது எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே இப்பாடத்தைப் படிப்போம். கலைப்பிரிவிற் பட்டம் பெற்ற எனக்குக் கணினியில் ஆர்வம் வந்ததும் அன்றுதான்.

2. விடய ஆய்வு

2008 ஆம் ஆண்டு. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு. அண்ணா சரக்குக் கப்பலொன்றில் வேலை செய்தார். உட்துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதைக் காணும்போதெல்லாம் அம்மா அண்ணாவின் பெயரைச் சொல்வார். அவருடைய கடிதங்கள் மின்னஞ்சலாகவே வரும். எங்கள் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி, அதனுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ், தொலைபேசி வழியான டயல்-அப் இணைப்பு ஆகியவை இருந்தன.

ஒரு நாள் "அனுப்பு/பெறு" பொத்தானை அழுத்தியதும் சாளரம் அசையாமல் நின்றுவிட்டது. மணற்கடிகாரம் மட்டும் தெரிந்தது. நான் மின் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை நிறுத்தினேன். மறுநாளும் அதே நிலை, அதே செய்கை. ஐந்தாறு முறை இப்படிச் செய்த பின்னர், செய்நிரலைத் திறந்தாலே உறைந்தது. உட்பெட்டியிற் கடிதம் ஒன்றுமில்லை.

கணினி திருத்தும் ஒருவர் வந்து பார்த்து, "எல்லாத்தையும் அழிச்சுப் போட்டு விண்டோசைத் திரும்பப் போடுவம்" என்றார்.

"தம்பி, அப்ப மகன்ட கடிதங்கள்?" என்று அம்மா கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

பாடசாலையில் எங்களுக்குக் கணினி கற்பித்த ஆசிரியரிடம் நான் ஓடினேன். அவர் கேட்ட முதலாவது கேள்வி: "பிள்ளை, கோப்புகளைப் பிரதி எடுத்தாச்சா?"

இக்கேள்வியே இப்பாடத்தின் மையம். இனி என்ன நடந்தது என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

3. உறைதல் என்றால் என்ன?

நாம் சுட்டியைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் பணிசெயல் முறைமை அச்செய்தியைச் செய்நிரலின் வரிசையில் இடுகின்றது. செய்நிரல் அவ்வரிசையைப் படித்துப் பதிலளிக்க வேண்டும். சுமார் 5 செக்கன்களுக்கு அது வரிசையைப் பார்க்காவிட்டால், விண்டோஸ் அதன் தலைப்புப் பட்டையில் "பதிலளிக்கவில்லை" எனக் காட்டும்.

எனவே பதிலளிக்காத செய்நிரல் செத்துவிட்டது எனக் கொள்ளலாகாது. அது இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கலாம்.

அ. நீண்ட வேலையொன்றில் ஈடுபட்டிருத்தல். (எ.கா: பெரிய இணைப்பொன்றைப் பதிவிறக்குதல், கோப்பைச் சுருக்குதல்)
ஆ. முடிவின்றிக் காத்திருத்தல். (எ.கா: பழுதடைந்த கோப்பைப் படிக்க முடியாமை, சேவையகத்தின் பதில் வராமை)

முதலாவது நிலையிற் பொறுத்திருந்தாற் போதும். இரண்டாவது நிலையில் மட்டுமே நாம் தலையிட வேண்டும். பணி முகாமையாளரைத் திறந்து வன்தட்டு, வலையமைப்பு, மத்திய முறைவழியாக்க அலகு ஆகியவற்றின் பயன்பாட்டைப் பார்த்தால், வேலை நடக்கிறதா இல்லையா என்பதை ஓரளவு அறியலாம். (குறுக்கு வழி: கன்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப்)

4. காரணங்கள்

4.1 பெரிய இணைப்புகள்

மின்னஞ்சல் முறைமை எழுத்துகளை அனுப்புவதற்கென்றே தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. ஆகவே படமொன்றை இணைக்கும்போது அதன் ஒவ்வொரு 3 பைற்றும் 4 எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. இதனால் இணைப்பின் அளவு மூன்றிலொரு பங்கு கூடுகின்றது.

அண்ணா கப்பலிலிருந்து எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். அவற்றின் மொத்த அளவு 6 மெகாபைற்று எனக் கொள்வோம்.

மாற்றிய பின் அளவு = 6 × 4 ÷ 3 = 8 மெகாபைற்று
பிற்றுகளில் = 8 × 8 = 64 மெகாபிற்று = 64 000 கிலோபிற்று
செக்கனுக்கு 56 கிலோபிற்று வேகத்தில் = 64 000 ÷ 56 ≈ 1143 செக்கன்

அதாவது, ஏறத்தாழ 19 நிமிடம். இதுவும் இணைப்பு உச்ச வேகத்தில் இயங்கினால் மட்டுமே. நான் சில நிமிடங்களில் மின்னை நிறுத்திக்கொண்டிருந்தேன்!

4.2 இடையில் அறுந்த பதிவிறக்கம்

பொப்-3 எனும் நடப்பொழுங்கில், செய்நிரல் "முடித்துக்கொள்கிறேன்" என்ற கட்டளையை அனுப்பிய பின்னரே சேவையகம் கடிதங்களை நிரந்தரமாக அழிக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் எதுவும் அழிக்கப்படாது. அடுத்த முறை அதே கடிதங்கள் மீண்டும் வரும். பெரிய கடிதமும் முதலிலிருந்தே தொடங்கும். ஒரே கடிதம் இரண்டு மூன்று தடவை வந்திருப்பதை எங்கள் உட்பெட்டியில் முன்னரே கண்டிருந்தோம். அது ஓர் அறிகுறி என எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

4.3 பெருத்த அல்லது பழுதடைந்த அஞ்சற் கோப்பு

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு கோப்புறையையும் டி.பி.எக்ஸ் எனும் பின்னொட்டுடைய ஒரு தனிக் கோப்பாகச் சேமித்தது. அத்தகைய கோப்பின் உச்ச எல்லை 2 கிகாபைற்று. மைக்ரோசொப்ட் அவுட்லுக் 97 முதல் 2002 வரையான பதிப்புகளின் பி.எஸ்.ரி கோப்புக்கும் அதே எல்லை இருந்தது. 2003 பதிப்பின் புதிய வடிவத்தில் இது 20 கிகாபைற்றாகவும், 2010 பதிப்பில் 50 கிகாபைற்றாகவும் உயர்த்தப்பட்டது.

கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் அக்கோப்பு பழுதடையலாம். எங்கள் உட்பெட்டிக்கு நேர்ந்தது இதுவே.

கடிதத்தை அழித்தாலும் கோப்பு உடனே சிறிதாகாது என்பதையும் அறிக. 2004 இல் முதற் பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்ட் செய்நிரலில், அழித்த கடிதம் "அழிக்கப்பட்டது" என அடையாளமிடப்படும். கோப்புறையைச் "சுருக்குதல்" மூலமே அதன் இடம் விடுவிக்கப்படும்.

4.4 துணைச் செருகிகளும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும்

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் சேவையகத்துக்கும் செய்நிரலுக்கும் இடையே நின்று கடிதத்தைப் பரிசோதிக்கும்போது, செய்நிரலுக்குப் பதில் தாமதமாகவே கிடைக்கும். பொருந்தாத துணைச் செருகிகளும் உறைதலை ஏற்படுத்தும்.

4.5 மின்னஞ்சல் வெள்ளமும் தீநிரல்களும்

1998 இல் வெளிநாடுகளிலிருந்த இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் வீதம் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அனுப்பப்பட்டன. பயனுள்ள கடிதங்கள் போக்குவரத்துச் செய்ய முடியாதபடி முறைமையை நிரப்புவதே இதன் நோக்கம். இது மின்னஞ்சற் குண்டு எனப்படும்.

2000 மே மாதத்திற் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பரவிய "ஐ லவ் யூ" புழு, காதற் கடிதம் போன்ற இணைப்பாக வந்தது. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபையும் தன் மின்னஞ்சற் சேவையைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

5. எப்போது உறைகின்றது? (அறிகுறியும் காரணமும்)

- திறக்கும்போதே: பழுதடைந்த கோப்பு, துணைச் செருகி
- அனுப்பும்போது / பெறும்போது: பெரிய இணைப்பு, மெதுவான வலையமைப்பு, நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்
- ஒரு கோப்புறையைத் திறக்கும்போது மட்டும்: அக்கோப்புறையின் கோப்பு அல்லது சுட்டி பழுதடைதல்
- எல்லாச் செய்நிரல்களும் சேர்ந்து மெதுவாகும்போது: நினைவகப் பற்றாக்குறை, வன்தட்டு நிரம்புதல், வன்தட்டுப் பழுது, தீநிரல்

6. தீர்க்கும் ஒழுங்கு

படி 1: பொறுத்திருந்து அவதானிக்குக. கடைசியாகச் செய்த வேலையைக் குறித்துக்கொள்க.

படி 2: வேலை நடக்கவில்லை என உறுதியானால், பணி முகாமையாளர் மூலம் அச்செய்நிரலை மட்டும் நிறுத்துக. மின் பொத்தான் கடைசி வழியாகும்.

படி 3: அஞ்சற் கோப்புகளை வேறொரு சாதனத்திற் பிரதி செய்க. செய்நிரல் மூடியிருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். இதற்கு முன் எந்தத் திருத்தமும் செய்யலாகாது.

படி 4: மேலோடி மூலம் அஞ்சற் கணக்கினுள் நுழைக. அங்கு கடிதங்கள் திறந்தால் வழு உங்கள் கணினியில் உள்ளது. திறக்காவிட்டால் வலையமைப்பில் அல்லது சேவையகத்தில் உள்ளது. தடையாக நிற்கும் பெரிய கடிதத்தின் இணைப்பை அங்கேயே சேமித்துவிட்டு, அக்கடிதத்தைச் சேவையகத்திலிருந்து அகற்றுக.

படி 5: செய்நிரலைத் துணைச் செருகிகளின்றித் திறந்து பார்க்குக. அவுட்லுக்கில் கன்ட்ரோல் சாவியையும், தண்டர்பேர்டில் ஷிப்ட் சாவியையும் அழுத்திக்கொண்டு தொடங்கலாம். உறையாவிட்டால் செருகிகளை ஒவ்வொன்றாக இயலுமைப்படுத்திக் குற்றவாளியை இனங்காண்க.

படி 6: கோப்பைத் திருத்துக. தண்டர்பேர்டில் "கோப்புறையைத் திருத்து" எனும் தெரிவு சுட்டியைப் புதிதாக அமைக்கும். அவுட்லுக்கில் உட்பெட்டி திருத்தும் கருவி உண்டு.

படி 7: இவை பயனளிக்காவிடில் மட்டும் செய்நிரலை மீள நிறுவுக.

7. எங்கள் வீட்டில் நடந்தது

ஆசிரியர் கூறியபடி சேமிப்புக் கோப்புறை முழுவதையும் இறுவட்டொன்றிற் பிரதி செய்தோம். பின்னர், பழுதடைந்த உட்பெட்டிக் கோப்பின் பெயரை மாற்றினோம். செய்நிரலைத் திறந்ததும் அது புதிய வெற்று உட்பெட்டியை அமைத்துக்கொண்டது, உறையவில்லை.

அம்மா கடிதங்களைப் படித்து முடித்ததும் "அண்ணா" என்ற வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி வைக்கும் பழக்கமுடையவர். அது தனிக் கோப்பு என்பதாற் பழுதடையவில்லை. அதிலிருந்த கடிதங்கள் அனைத்தும் தப்பின. படங்கள் அடங்கிய கடிதம் சேவையகத்திலேயே காத்திருந்தது. ஆனால், நகர்த்தப்படாமல் உட்பெட்டியில் இருந்த இரண்டு மாதக் கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. சுயெஸ் கால்வாயைக் கடந்த இரவைப் பற்றி அண்ணா எழுதிய கடிதமும் அவற்றுள் ஒன்று. முதல் நாள் நான் இருபது நிமிடம் பொறுத்திருந்தால் அது இன்றும் இருந்திருக்கும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்பிரல் 8 உடன் முடிந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வழக்கொழிந்தது. இன்று உங்களிற் பலர் கைத்தொலைபேசியிலேயே அஞ்சலைப் பார்க்கிறீர்கள். ஐமப் நடப்பொழுங்கின்படி கடிதங்கள் சேவையகத்திலேயே இருப்பதால் கருவி பழுதடைந்தாலும் அவை கிடைக்கும். ஆயினும் ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழியும். எனவே ஐமப் காப்புப் பிரதிக்கு ஈடாகாது.

நினைவிற் கொள்க

அவதானி → செய்நிரலை நிறுத்து → பிரதி எடு → காரணத்தைத் தனிமைப்படுத்து → திருத்து → மீள நிறுவு. இந்த ஒழுங்கு மாறலாகாது.

8. மாதிரி வினாக்கள்

1. 9 மெகாபைற்றுக் கோப்பொன்று மின்னஞ்சலில் இணைக்கப்படும்போது அதன் அளவு ஏறத்தாழ,
(1) 6 மெ.பை. (2) 9 மெ.பை. (3) 12 மெ.பை. (4) 18 மெ.பை.

2. மேலோடியில் அஞ்சல் திறக்கின்றது. அதே கணினியின் அஞ்சற் செய்நிரல் உறைகின்றது. வழு பெரும்பாலும் இருப்பது,
(1) சேவையகத்தில் (2) செய்நிரலில் அல்லது அதன் கோப்புகளில் (3) தொலைபேசிக் கம்பியில் (4) கணினித் திரையில்

3. பொப்-3 ஐப் பயன்படுத்தும் ஒருவருக்கு ஒரே கடிதம் பலமுறை வருகின்றது. இதற்கான ஒரு காரணத்தைத் தருக.

4. கிண்ணியாவிலுள்ள கடையொன்றில், கணக்காளர் உட்பெட்டியைத் திறக்கும்போது மட்டும் செய்நிரல் உறைகின்றது. ஏனைய கோப்புறைகள் நன்றாகத் திறக்கின்றன.
(அ) பெரும்பாலான காரணம் யாது?
(ஆ) திருத்துவதற்கு முன் செய்ய வேண்டியது யாது?
(இ) மீண்டும் நேராதிருக்க இரு ஆலோசனைகள் தருக.

விடைகள்

1. (3)
2. (2)
3. அமர்வு முறையாக முடியுமுன் இணைப்பு அறுவதால் சேவையகம் கடிதங்களை அழிக்காமல் வைத்திருத்தல்.
4. (அ) உட்பெட்டிக் கோப்பு அல்லது அதன் சுட்டி பழுதடைதல் / மிகப் பெருத்தல். (ஆ) செய்நிரலை மூடி, அஞ்சற் கோப்புகளைப் பிரதி செய்தல். (இ) கடிதங்களை வெவ்வேறு கோப்புறைகளுக்கு நகர்த்திக் கோப்புறைகளை ஒழுங்காகச் சுருக்குதல். குறித்த காலத்துக்கு ஒருமுறை காப்புப் பிரதி எடுத்தல்.

செயற்பாடு: உங்கள் வீட்டாருக்கு வந்த, இழக்க விரும்பாத ஐந்து மின்னஞ்சல்களை அவர்களிடம் கேட்டறிந்து, இன்றே வேறொரு சாதனத்திற் பிரதி செய்து கொடுங்கள்.